கடன் அடைக்கப் பிறந்த குழு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ்ல யாராவது ஒருத்தர், “இன்னைக்கு எங்க வீட்டுல செல் குரூப்”னு சொல்லிட்டு சீக்கிரம் கிளம்புறதைப் பார்த்திருப்பீங்க. பத்துப் பன்னிரண்டு பேர், கொஞ்சம் பாட்டு, ஜெபம், கடைசியில டீ. நடத்துறவர் போதகர் இல்லை. பேங்க்ல வேலை பார்க்கிறவரா இருக்கலாம், பக்கத்துத் தெரு டீச்சரா இருக்கலாம். சாதாரண ஒரு சபை உறுப்பினரை, இன்னும் பதினோரு பேரைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக எப்படித் தயார் பண்ணுவது? இந்தக் கேள்விக்குப் பழைய பதில்களில் ஒன்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் இருக்கிறது. அது பக்தியில் ஆரம்பிக்கவில்லை. கடனில் ஆரம்பித்தது.

ஜான் வெஸ்லி இங்கிலாந்து திருச்சபையின் குருவானவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1739-ல் பிரிஸ்டல் பக்கத்துல கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குத் திறந்தவெளியில் பிரசங்கம் பண்ண ஆரம்பித்தார். அவரைப் பின்பற்றியவர்களைத்தான் மெத்தடிஸ்டுகள் என்றார்கள். அவர்கள் கூடுவதற்கு ‘நியூ ரூம்’ என்று ஒரு கட்டடம் எழும்பியது. கூடவே கடனும் எழும்பியது.

1742 பிப்ரவரி 15. கடனை எப்படி அடைப்பது என்று பேசக் கூடியிருக்கிறார்கள். கேப்டன் ஃபாய் என்பவர் ஒரு யோசனை சொல்கிறார்: ஒவ்வொருத்தரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும். “ஏழைங்க எங்க போவாங்க?” என்று எதிர்க்கேள்வி வருகிறது. ரொம்ப ஏழையான பதினோரு பேரை என்கிட்ட விடுங்க, வாரா வாரம் நான் போய்ப் பார்க்கிறேன், அவங்களால முடியலைன்னா அவங்க பங்கையும் நானே போடுறேன் என்கிறார் ஃபாய். மற்றவர்களும் ஆளுக்குப் பதினோரு பேரை எடுத்துக்கொள்கிறார்கள்.

வசூலுக்குப் போனவர்கள் வீட்டுக்குள் போனார்கள். யார் வீட்டில் குடி, யார் வீட்டில் சண்டை, யார் படுத்த படுக்கை என்பதெல்லாம் தெரிந்தது. தான் தேடிக்கொண்டிருந்த ஏற்பாடு இதுதான் என்று வெஸ்லிக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நாளில் வீடு வீடாகப் போவது மாறி, பன்னிரண்டு பேரும் ஒரே இடத்தில் கூடினார்கள். அதற்குப் பெயர் ‘கிளாஸ்’. நடத்துறவர் கிளாஸ் லீடர்.

இந்த லீடருக்குப் பயிற்சி வகுப்பு கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. ஆனா பயிற்சி இருந்தது, வார வாரம். 1743-ல் வந்த விதிகள்படி, தன் குழுவில் ஒவ்வொருவரையும் வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கணும், உள்ளத்தின் நலம் விசாரிக்கணும், தேற்றணும், தேவைப்பட்டால் கண்டிக்கணும், காசு வாங்கணும். அப்புறம் அதே வாரம் குருவானவர் முன்னாலயும் கணக்குப் பார்க்கும் பொறுப்பாளர்கள் முன்னாலயும் போய் நிக்கணும். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் தடுமாறுறாங்கன்னு சொல்லணும். யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு காட்டணும். வருஷக் கணக்கா இதைச் செய்கிற ஒரு செருப்புத் தைப்பவரையோ சுரங்கத் தொழிலாளியையோ யோசிச்சுப் பாருங்க. நாலு பேர் முன்னால பேச, கேட்க, கணக்கு எழுத, கூட்டம் நடத்த அவர் கற்றுக்கொள்கிறார். அந்தக் காலத்தில் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேறு இடங்கள் ரொம்பக் கம்மி.

“இவங்களுக்கு என்ன தகுதி இருக்கு?” என்ற புகார் உடனே வந்தது. தகுதியில்லாத லீடர் யாருன்னு சொல்லுங்க, மாத்திடறேன். ஆனா இவங்களால நல்லது நடக்குதே என்பதுதான் வெஸ்லியின் பதிலின் சாரம்.

இதுக்கு இன்னொரு முகமும் உண்டு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை உறுப்பினர்களுக்குச் சீட்டு கொடுப்பார்கள். நடத்தை சரியில்லை என்றால் சீட்டு கிடையாது. 1743 மார்ச்சில் நியூகாசிலில் 64 பேரை வெளியே அனுப்பியதை வெஸ்லியே காரணத்தோடு நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். குடிக்காக 17 பேர். மனைவியை அடித்ததற்காக ஒருத்தர். பொறுப்பில்லாமல் விளையாட்டுத்தனமாக இருந்ததற்காக 29 பேர்! நாமெல்லாம் அந்த 29-ல்தான் போயிருப்போம். பக்கத்து வீட்டுக்காரர் வாரா வாரம் உங்களைக் கணக்கெடுப்பது அன்பா, உளவா? எனக்கு ரெண்டும்தான்னு தோணுது.

இப்போ சாரா கிராஸ்பி. அவங்க ஒரு கிளாஸ் லீடர். 1761 பிப்ரவரியில் டெர்பி நகரத்தில் கூட்டம் நடத்தப் போறாங்க. முப்பது பேர் வருவாங்கன்னு நினைச்சா, கிட்டத்தட்ட இருநூறு பேர். கிளாஸ்ல செய்வது மாதிரி ஒவ்வொருத்தராக விசாரிக்க முடியாது. பெண் பிரசங்கம் பண்ணவும் கூடாது. என்ன செய்வாங்க? ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அப்புறம் கடவுள் தன் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று சொன்னாங்க. ஒரு லீடர் தினமும் செய்கிற வேலைதான். கேட்டவர்கள் மட்டும் அதிகம். பயந்துபோய் வெஸ்லிக்குக் கடிதம் எழுதினாங்க. நீங்க எல்லை தாண்டலை என்று பதில் வந்தது. மெத்தடிஸ்டுகள் பெண் பிரசங்கிகளை அனுமதிப்பதில்லை என்று முதலில் சொல்லிவிட்டு, மனசில் உள்ளதைப் பேசிடுங்க என்ற யோசனையும் வந்தது. தந்திரம்தான். பத்து வருஷத்தில், சில பெண்களுக்கு அசாதாரணமான அழைப்பு இருக்கலாம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவர் 1791-ல் இறந்தார். 1803-ல் வெஸ்லியன் மாநாடு பெண்கள் பிரசங்கிப்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது.

இந்தப் பழக்கம் கடல் தாண்டியும் போனது. கரீபியனில் ஆன்டிகுவா தீவில் சபையைத் தொடங்கிய நதானியேல் கில்பர்ட் 1774-ல் இறந்தபோது, குருவானவர் யாரும் அங்கே இல்லை. மேரி ஆலி, சோஃபியா கேம்ப்பெல் என்ற ரெண்டு பெண்கள்தான் அந்தச் சபை கலையாமல் பார்த்துக்கொண்டார்கள். 1778-ல் ஜான் பாக்ஸ்டர் அங்கே வந்து இறங்கினார். அவரும் குருவானவர் இல்லை, கப்பல் கட்டும் தச்சர்.

வெஸ்லிக்கு மன்னர் மேல் விசுவாசம் அதிகம். அரசியல் வேண்டாம் என்பது அவர் வழிவந்த மாநாட்டின் நிலை. ஆனா கூட்டம் நடத்தக் கற்றுக்கொண்டவர்கள் ஜெபக் கூட்டம் மட்டும்தான் நடத்துவார்கள் என்று யார் உறுதி சொல்ல முடியும்? டோல்படில் என்ற கிராமத்தில் பண்ணைக் கூலி வாரத்துக்கு 9 ஷில்லிங்கில் இருந்து 7-க்கு வந்து, 6 ஆகும் என்ற நிலை. தொழிலாளர்கள் சங்கம் சேர்ந்தார்கள். சங்கம் சேர்வது குற்றமில்லை என்பதால், கடற்படைக் கலகத்துக்காகப் போட்ட 1797-ஆம் வருஷச் சட்டத்தைத் தேடி எடுத்து, ரகசிய சத்தியம் வாங்கினார்கள் என்று 1834-ல் ஆறு பேர் மேல் வழக்கு. தண்டனை ஏழு வருஷம், ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தல். ஆறு பேரில் ஐந்து பேர் மெத்தடிஸ்டுகள். தலைவர் ஜார்ஜ் லவ்லெஸ் மெத்தடிஸ்ட் பிரசங்கி.

லண்டனில் பெரிய ஊர்வலம் நடந்தது. 1836-ல் மன்னிப்பு கிடைத்தது. திரும்பி வந்த லவ்லெஸ் நடந்ததை எல்லாம் ஒரு சிறு நூலாக எழுதி 1837-ல் வெளியிட்டார். பிறகு ஆறு பேரில் ஐந்து பேர் குடும்பத்தோடு கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஜேம்ஸ் ஹேமட் மட்டும் டோல்படிலுக்கே திரும்பிப் போனார்.