அல்லி முதல் பூங்குழலி வரை

இளங்கன்னி ஒருத்தி வாளெடுத்துப் போர் புரிவதும், தனியே படகேறிக் கடல் கடப்பதும், பகைவர் கண்ணில் மண்ணைத் தூவித் தப்புவதுமான கதைகளை நம் மக்கள், சிறப்பாகப் பெண்கள், நெடுங்காலமாகச் சுவைத்து வந்திருக்கின்றனர். இச்சுவையைப் பற்றி நமது விமர்சகர்கள் அதிகம் பேசியதில்லை. பேசியோரிற் சிலர் 'வெறும் பொழுதுபோக்கு' என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்பளித்து அப்பாற் சென்றுவிட்டனர். அத்தீர்ப்பு அவசரத் தீர்ப்பு என்பது நம் கருத்து. மக்கள் தலைமுறை தலைமுறையாக விரும்பிய ஒன்றை ஏன் விரும்பினர் என்று கேளாமல் இலக்கிய வரலாறு எழுத முடியாது.

புத்தூரில் இருந்துகொண்டு இக்கேள்வியைக் கேட்கும்போது ஓர் உண்மை கண்ணிற் படுகின்றது. நமது ஊரின் பழங்கதை நிலாவரைக் கிணற்றின் கதை. தாகித்த வானர சேனைக்காக இராமன் அம்பெய்து நீர் வருவித்த இடம் அது என்பர். வடக்கே சில மைல் சென்றால் தொண்டைமானாறு, அதற்கப்பால் வல்வெட்டித்துறை. அத்துறையிற் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்கக் கரையை அடைந்தது. அதைச் செலுத்தியவர்கள் நம் மாலுமிகள். பழங்கதையானாலும் நடந்த வரலாறானாலும் புறப்பட்டுப் போனவன் ஆண்மகன். பெண்ணுக்குக் கிடைத்தது கரையும் கிணற்றடியும்.

ஆயினும் பெண்ணுக்கென்று ஒரு வீரக்கதை இருந்தது. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை'யையே கருதுகின்றோம். (புகழேந்தி பாடினாரா என்பது வேறு விவகாரம், பாடியவர் மக்களோடு பழகியவர் என்பதில் ஐயமில்லை.) பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைகளில் விலைபோன அக்கதையை, எழுத்தறிந்த ஒருவர் வாசிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். நீன்முகன் பாண்டிய அரசைக் கவர்ந்துகொள்கிறான். இளம்பிராயத்து அல்லி கல்வியும் படைக்கலமும் பயின்று, படை திரட்டி, அவனை வென்று மதுரையை ஆள்கிறாள். அவளுடைய அரண்மனையில் ஆணுக்கு இடமில்லை. வீட்டுப்படி தாண்டவும் அனுமதி கேட்க வேண்டியிருந்த ஒரு பெண் இதனைக் கேட்டபோது அடைந்த களிப்பு எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அர்ச்சுனன் வருகிறான். போரில் வெல்ல முடியாதவளை, கண்ணனின் துணையோடு பாம்பு வடிவெடுத்து அணுகி, அவள் துயிலும்போது தாலி கட்டுகிறான். விழித்தெழுந்த வீராங்கனை மனைவியாகிவிடுகிறாள். நிலப்பிரபுத்துவ சமுதாயம் அல்லியைப் படைத்தது. படைத்த பின் அவளைக் கண்டு அஞ்சியது. திக்குவிஜயம் செய்த தடாதகைப் பிராட்டியும் கைலையிற் சிவனைக் கண்டதும் நாணித் தலைகுனிந்தாள் என்று திருவிளையாடற் புராணம் கூறுவதை இதனோடு சேர்த்து நோக்குக. மேடையிலோ வேடிக்கை இன்னும் பெரிது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) அல்லி கதையை நாடகமாக்கினார். அக்காலத்தில் தமிழகத்து நாடகக் குழுக்கள் யாழ்ப்பாணத்துக்கும் வந்து ஆடின. நமது கூத்து மேடைகளிலோ பெண் வேடமெல்லாம் ஆண்களுக்கே உரியது. ஆணை வெறுக்கும் அரசியாகவும் மீசை மழித்த ஓர் ஆணே வர வேண்டியிருந்தது.

அச்சு நாவல் வந்தபோது நிலைமை மேம்பட்டதா? இல்லை. 1885இல் சித்திலெப்பை எழுதிய 'அசன்பேயுடைய கதை'யில் சிறுவயதிற் கடத்தப்பட்டு, ஊரூராய் அலைந்து, தன் திறத்தால் உயர்பவன் அசன் என்னும் வாலிபன். 1891இல் வெளிவந்த 'ஊசோன் பாலந்தை கதை' இரட்டைச் சகோதரரின் வீரச் செயல்களைக் கூறுவது. திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' (1895) ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கியிருந்தும் அவளைக் காதலுக்கும் அரசியற் சூழ்ச்சிக்கும் உரிய பொருளாகவே வைத்தது. ஈழத்துப் பெண் ஒருவர், மங்களநாயகம் தம்பையா, 1914இல் 'நொறுங்குண்ட இருதயம்' எழுதியபோது மணவாழ்விலே நசுங்கும் பெண்ணைப் பற்றி எழுதினார். அவர் கண்ட யதார்த்தம் அது. அல்லியை மக்கள் ஏன் விரும்பினர் என்பதற்கு விடையும் அந்நாவலிலேயே இருக்கின்றது.

உடுவிலிற் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை 1824இலேயே தோன்றிற்று. ஆனால் அதன் பயன் யாருக்கு எட்டியது? ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் வழங்குவதை எதிர்த்து, 1930 அளவிற் குடாநாட்டிற் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னரே ஏழை வீட்டுப் பெண்பிள்ளையும் கதைப் புத்தகம் வாசிக்கும் காலம் பிறந்தது. அப்போதும் வாசிகசாலை வாங்கில் ஆண்களே இருந்தனர். தமையன் கொண்டுவந்த சஞ்சிகையைத் தங்கை அடுப்படியில் இருந்து வாசித்தாள்.

இந்த வாசகியின் கையிற் பூங்குழலி வந்து சேர்ந்தாள். கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் இளவரசியர் பலர் உளர். பூங்குழலியோ கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள். தன் கையால் துடுப்பு வலித்து வந்தியத்தேவனை ஈழக்கரையின் நாகத்தீவிற் சேர்க்கிறாள்; புயலிற் சிக்கிய இளவரசனையும் அவனையும் கடலிலிருந்து மீட்கிறாள். நமது தொண்டைமானாற்றின் பெயரும் அக்கதையில் வருகின்றது. உழைக்கும் வர்க்கத்துப் பெண் ஒருத்தி அரசகுமாரனைக் காப்பாற்றும் இக்காட்சியை, கல்கியைச் சோழப் பெருமை பாடியவர் என்று மட்டும் கண்டோர் கவனிக்கத் தவறினர். கல்கியும் இறுதியில் அவளைப் பட்டத்து அரசியாக்கித் துடுப்பை வாங்கிவிட்டார் என்பது உண்மையே. ஆயினும் வாசகி நினைவில் நிலைத்தவள் முடிசூடிய பூங்குழலி அல்லள், படகில் நின்றவள்.

மேனாட்டிலும் இதே வினா உண்டு. 1930இற் பிறந்த நான்சி ட்ரூ என்ற பதினாறு வயதுத் துப்பறியும் பெண்ணுக்குத் தகப்பன் வழக்கறிஞர்; சொந்த மோட்டார் வண்டியும் இருந்தது. துணிவுக்கு அங்கே பணம் முட்டுக்கொடுத்தது. 2008இல் வெளிவந்த 'பசி விளையாட்டுக'ளின் கட்னிசோ சுரங்கத் தொழிலாளியின் மகள். இடையில் எழுபத்தெட்டு ஆண்டுகள்.

நம் மண்ணிலோ கதை வரலாறாயிற்று. 1983 முதல் 2009 வரையான யுத்தத்தில் பதின்ம வயதுப் பெண்கள் ஆயுதமேந்தினர். விரும்பிச் சென்றோரும் இருந்தனர். பலவந்தமாகக் கொண்டுசெல்லப்பட்ட சிறுமியரும் இருந்தனர். கதையில் வாளேந்துபவள் அடுத்த அத்தியாயத்தில் எழுந்து நடப்பாள். இவர்களிற் பலர் எழவில்லை. வீரக்கதைகளே இவர்களைக் களத்துக்கு அனுப்பின என்று கூறுவோர், ஒடுக்குமுறையையும் குண்டுவீச்சையும் கட்டாய ஆட்சேர்ப்பையும் மறைத்துப் புத்தகத்தின் மீது பழி போடுகின்றனர். 1991இல் மாணவியாக இயக்கத்திற் சேர்ந்த தமிழினி எழுதி, அவர் மறைந்தபின் 2016இல் வெளியான 'ஒரு கூர்வாளின் நிழலில்' இத்தலைமுறையின் முக்கியமான சாட்சியம். யுத்தத்தின் பின் வீடு திரும்பிய பெண்கள் பலரை, ஒரு காலத்திற் போற்றிய ஊரே ஐயத்தோடு பார்த்தது. விரைவிற் கலியாணஞ் செய்து அடங்கியிருக்கும்படி புத்தி சொன்னது. அல்லியின் உறக்கத்திற் கட்டிய தாலி இன்னமும் அவிழவில்லை.

ஆசிரிய நண்பர்கள் ஒன்று செய்யலாம். அல்லி கதையை வகுப்பிற் சொல்லும்போது அர்ச்சுனன் பாம்பாக நுழையும் இடத்தில் நிறுத்தி, அதற்கு மேல் என்ன நடக்க வேண்டும் என்று மாணவியரையே எழுதச் சொல்லலாம்.