நாள் தள்ளும் முன்பே: நரம்புக் குழலும் மரக்காணத்து உப்பும்

கருத்தரித்த 28ஆம் நாளுக்குள் மனித மூளைக்கும் தண்டுவடத்துக்குமான அடித்தளம் அமைந்துவிடுகிறது. தாய்க்கோ அப்போது நாள் தள்ளி இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் பதியும் எண்ணமே பலருக்கு இன்னும் வந்திருக்காது. 12 வாரத்துக்குள் பதிவதை முன்கூட்டிய பதிவாகக் கருதுவது மற்ற கவனிப்புகளுக்கெல்லாம் பொருந்தும். நரம்புக் குழலுக்கு அது காலம் கடந்த பதிவே. ஆகவே போலிக் அமிலத்தைப் பேறுகால மாத்திரையாக மட்டும் தருவது போதாது. அன்றாட உப்பிலும் சேர்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மூன்றாம் வார இறுதியில் கரு மூன்று படைகளாக இருக்கிறது. அடியிலுள்ள முதுகுநாண் விடுக்கும் வேதிக் குறிப்புகளால் புறப்படையின் நடுப்பகுதி தடித்து நரம்புத் தட்டு ஆகிறது. அதன் இரு ஓரங்களும் மேலெழுந்து, நடுவில் பள்ளம் விழுந்து, 22ஆம் நாள்வாக்கில் கழுத்துப் பகுதியில் முதன்முதலாக ஒன்றையொன்று தொடுகின்றன. அங்கிருந்து மேலும் கீழுமாக மூடல் நகர்கிறது. தலைப்பக்கத் துளை 25ஆம் நாளையொட்டியும் வால்பக்கத் துளை 27, 28ஆம் நாளிலும் அடைபடுகின்றன. மேல்முனை மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் உருவாகாமல் போகும், அக்குழந்தை பிழைப்பதில்லை. கீழ்ப்பகுதி மூடாவிட்டால் முதுகுத்தண்டுப் பிளவு. கால் செயலிழப்பு, சிறுநீர்க் கட்டுப்பாடின்மை, மூளையில் நீர்கோத்தல் எனத் துன்பம் தொடரும். 

இத்தனை விரைவான செல் பெருக்கத்துக்கு டி.என்.ஏ. புதிதாக உருவாகியாக வேண்டும். அதற்குப் போலேட் தேவை. அதன் மாத்திரை வடிவமே போலிக் அமிலம். முன்பு நரம்புக் குழல் குறையுள்ள கருவைச் சுமந்த பெண்களிடம், 7 நாடுகளின் 33 மையங்களில் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகம் நடத்திய சோதனையின் முடிவு 1991இல் வெளியானது. கருத்தரிப்புக்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் போலிக் அமிலம் உண்டவர்களிடம் குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்தது. பொதுவாக எல்லாப் பெண்களுக்கும் பரிந்துரைக்கப்படுவது நாளுக்கு 400 மைக்ரோகிராம். மரபணு, கட்டுப்படாத சர்க்கரை நோய், சில வலிப்பு மருந்துகள் ஆகியவற்றின் பங்கு தனி.

உப்பு இங்கே ஏன் வருகிறது? அயோடினை வீடுதோறும் கொண்டு சேர்க்க ஏற்கெனவே கைக்கொண்ட வழி அது. விழுப்புரம் மாவட்டம் இடையஞ்சாவடிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நெருங்கினால் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். வரப்போரம் ஓலை வேய்ந்த உப்பு அம்பாரங்கள். கடலிலிருந்து வருவதால் இதில் அயோடின் தானாகவே இருக்கும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். கடல்நீரிலேயே லிட்டருக்கு ஏறத்தாழ 60 மைக்ரோகிராம்தான் அயோடின். அதிலும் பெரும்பகுதி, உப்பு பூத்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தெளித்தால் மட்டுமே அது அயோடின் உப்பு. கருவின் தைராய்டு 10, 12 வாரங்களுக்குப் பிறகே வேலை தொடங்குவதால், அதுவரை மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சினே துணை. இங்கும் தாயின் உடலில் முன்பே இருப்பு இருந்தாக வேண்டும்.

1956இல் இமயமலையின் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசுவாமியும் குழுவினரும் தொடங்கிய ஆய்வு, அயோடின் உப்பு கழுத்துக் கழலையைக் குறைப்பதைக் காட்டியது. 1962இல் தேசியத் திட்டம் பிறந்தது. யாரும் மாத்திரையை நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதே அத்திட்டத்தின் வலு. போலிக் அமிலத்துக்கு நாம் செய்திருப்பதோ அரைகுறை. ரேஷன் கடையின் செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் என்பது விதி. நாளுக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்கு அதிகபட்சம் 38 மைக்ரோகிராம் கிடைக்கும். தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கருவுறாத பெண்களுக்கான வார மாத்திரையில் 500 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 2800.

தென்னிந்தியாவின் நான்கு ஊர்களில் போலிக் அமிலமும் அயோடினும் சேர்த்த உப்பை நான்கு மாதம் பயன்படுத்திய பெண்களின் ரத்தப் போலேட் மும்மடங்குக்கு மேல் உயர்ந்ததாக 2024இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிறிய ஆய்வு, அளந்தது ரத்தத்தைத்தான், பிறப்புகளை அல்ல. ஆனால் வழி திறந்திருக்கிறது என்பதற்கு இது போதும்.

உப்பைக் குறைக்கச் சொல்லும் காலத்தில் உப்பில் மருந்தா என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் 10 கிராம் உண்பவர் 5 கிராமாகக் குறைத்தால், செறிவை இரட்டிப்பாக்கிவிடலாம். போலிக் அமிலம் பி12 குறைபாட்டை மறைத்துவிடும் என்ற அச்சம் இதைவிடக் கனமானது. சைவ உணவு மட்டுமே உண்போரிடம் அதைக் கண்காணிக்க வேண்டும். உப்போடு பி12ஐயும் சேர்ப்பது ஆராயத்தக்கது.

உண்மையான தடை வேறு. அளத்திலிருந்து நேரே அடுப்படிக்குப் போகும் கல்லுப்பில் எதுவுமே சேராது. பெரிய ஆலைகளுக்கு மட்டும் விதி எழுதினால், உப்பு விளையும் கரையோர ஊர்களே விடுபட்டுப்போகும். சிறு உற்பத்தியாளர்களுக்கான பொதுத் தெளிப்பு நிலையத்தை அரசு தன் செலவில் மரக்காணத்தில் அமைத்து, அயோடினையும் போலிக் அமிலத்தையும் ஒரே கரைசலாகத் தெளித்து, அக்கம்பக்கத்து மகப்பேறு மருத்துவமனைகளின் பிறவிக்குறைப் பதிவேடுகளோடு சில ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.