மாலையில் புல்வெளிக்கு வரும் பருந்துகளை எண்ணுகிறார்கள்: எதற்காக? எப்படி? நீங்களும் சேர முடியுமா?

டிசம்பர் மாதத்து மாலை, மணி ஐந்தரை. நீங்கள் அநேகமாக லேப்டாப்பை மூடலாமா, இன்னொரு மெயில் அனுப்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அதே நேரத்தில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் ஒரு புல்வெளியின் ஓரமாகச் சிலர் பைனாகுலரும் நோட்டுமாக நிற்பார்கள். பெங்களூருக்கு வெளியே ஹெசரகட்டாவிலும் இதே காட்சியைப் பார்க்கலாம். அவர்கள் எண்ணுவது ராத்திரி தூங்க வரும் பருந்துகளை.

யாரும் இதற்குச் சம்பளம் தருவதில்லை. கல்லூரி மாணவர்கள், ஐடி ஊழியர்கள், ஆசிரியர்கள், அந்தந்த ஊர்க்காரர்கள் என்று பலரும் இதில் இருக்கிறார்கள். 'பருந்தை எண்ணி என்ன ஆகப்போகுது?' என்று உங்களுக்குத் தோன்றினால், இந்த விளக்கம் உங்களுக்குத்தான்.

சுருக்கமாக

• குளிர்காலத்தில் மத்திய ஆசியா, ரஷ்யா பக்கமிருந்து பூனைப்பருந்துகள் இந்தியாவுக்கு வருகின்றன.
• பகலில் சிதறிக் கிடக்கும் இவை, இரவில் புல்வெளியில் கூட்டமாகத் தங்கும். எண்ணுவதற்கு அதுதான் சரியான நேரம்.
• பல இடங்களின் 30 ஆண்டுக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு, இவை குறைந்துவருவதாகச் சொல்கிறது.
• அரசு ஆவணங்களில் 'தரிசு' என்று எழுதப்பட்ட புல்வெளிகள்தான் இவற்றின் வீடு.

பூனைப்பருந்து என்றால் எது?

குப்பைமேட்டுக்கு மேல் வட்டமடிக்கும் கரும்பருந்தை எல்லா நகரத்திலும் பார்த்திருப்பீர்கள். பூனைப்பருந்து வேறு வகை. நீண்ட இறக்கை, நீண்ட வால், மெலிந்த உடல். தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில், வயலைக் கோடு போட்டுத் தேடுவது மாதிரி மெதுவாகப் பறக்கும். ஆந்தைக்கு இருப்பதுபோல முகத்தைச் சுற்றி இறகு வட்டம் உண்டு. புல்லுக்குள் எலி ஓடும் சத்தத்தைக்கூடப் பிடிக்க அது உதவுகிறது.

இந்தியாவில் ஆறு வகைப் பூனைப்பருந்துகள் பதிவாகியிருக்கின்றன. புல்வெளியில் எண்ணுபவர்கள் அதிகம் பார்ப்பது மூன்று: மாண்டேகு பூனைப்பருந்து, வெளிர் பூனைப்பருந்து, சேற்றுப் பூனைப்பருந்து. இதில் வெளிர் பூனைப்பருந்து, 'அச்சுறுத்தலை நெருங்கிய இனம்' என்று உலகச் செம்பட்டியலில் இருக்கிறது.

செப்டம்பர், அக்டோபரில் வந்து சேர்ந்து, மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். மாண்டேகுவும் வெளிர் பூனைப்பருந்தும் அரைக்கிலோ எடைகூட இருக்காது. கஜகஸ்தான் புல்வெளியிலிருந்து தக்காணம் வரை வந்து போவது அந்த உடம்புதான். தமிழ்நாட்டின் திறந்த வெளிகளுக்கும் இவை வருகின்றன.

ஏன் மாலையில்தான் எண்ணணும்?

பகலில் ஒவ்வொரு பறவையும் தனித்தனியாக வேட்டையாடும். பருத்திக் காடு, கடலைக் காடு, மேய்ச்சல் நிலம் என்று பல கிலோமீட்டருக்குச் சிதறிவிடும். அப்போது எண்ணினால் ஒரே பறவையை நான்கு பேர் நான்கு இடத்தில் எழுதிவிடுவார்கள்.

இரவில் நிலைமை வேறு. பெரும்பாலான பருந்து, கழுகுகள் மரத்தில் தங்கும். இவை தரையில், முழங்கால் உயரப் புல்லுக்குள் படுக்கும். நரி, காட்டுப்பூனை வரலாம் என்பதால் கூட்டமாகச் சேர்கின்றன. ஒன்று பயந்து எழுந்தால் மற்றவையும் எழும். நல்ல புல்வெளி ஒன்று பல மைல் சுற்றளவுப் பறவைகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. எண்ணுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஒரு மணி நேரம் நின்றால், அந்த வட்டாரத்துக்கே கணக்கு கிடைக்கும்.

எப்படி எண்ணுகிறார்கள்?

பார்க்க எளிது. செய்யும்போதுதான் சிக்கல் தெரியும்.

1. முன்கூட்டியே போய்ப் பார்ப்பது. ஓரிரு மாலை போய், பறவைகள் எந்தப் பக்கமிருந்து வருகின்றன, எங்கே இறங்குகின்றன என்று குறித்துக்கொள்வார்கள். காப்புக்காடு, சரணாலயம் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும்.

2. இடம் பிரிப்பது. தங்குமிடத்தைச் சுற்றி, பறவைகள் மிரளாத தூரத்தில் இரண்டு மூன்று குழுக்கள் நிற்கும். 'அந்தத் தனி வேலமரத்துக்கு இடது பக்கம் உங்களுடையது, வலது பக்கம் எங்களுடையது' என்று எல்லை பேசிக்கொள்வார்கள்.

3. நேரம் பிரிப்பது. சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே ஆரம்பம். ஒருவர் பார்த்துச் சொல்வார், இன்னொருவர் எழுதுவார். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம்.

4. உள்ளே எத்தனை, வெளியே எத்தனை. இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். இறங்கிய பறவை அப்படியே இருக்காது. எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி இறங்கும். அதனால் இரண்டு பத்தி எழுதணும். உதாரணத்துக்கு, 5.45 முதல் 6.00 வரை உள்ளே வந்தது 38, வெளியே போனது 6 என்றால், அந்தக் கட்டத்தின் கணக்கு 32.

5. 'தெரியவில்லை' என்று எழுதுவது. ஆண் பறவைகளை இனம் பிரிப்பது ஓரளவு சுலபம். மாண்டேகு, வெளிர் பூனைப்பருந்துகளின் பெண்களும் இளம் பறவைகளும் ஒரே மாதிரிப் பழுப்பு நிறம். வாலடியில் வெள்ளைப் பட்டை. மங்கிய வெளிச்சத்தில் அனுபவசாலிக்கே குழப்பம் வரும். அதற்காகவே தாளில் 'இனம் தெரியவில்லை' என்று ஒரு பத்தி உண்டு. ஊகித்து எழுதுவதைவிட அந்தப் பத்தியை நிரப்புவது மேல்.

6. ஒப்பிட்டுப் பார்ப்பது. இருட்டிய பிறகு குழுக்கள் ஒன்றுகூடி, எல்லையில் பறந்த பறவைகளை இரண்டு பேரும் எழுதிவிட்டார்களா என்று நேரம் வைத்துச் சரிபார்ப்பார்கள். சில இடங்களில், மறுநாள் விடியும் முன் வந்து கிளம்பும் பறவைகளையும் எண்ணி ஒப்பிடுவதுண்டு.

விடிந்து எல்லாம் பறந்துபோன பிறகு இன்னொரு வேலை. பருந்துகள் செரிக்காத முடி, எலும்பு, பூச்சி ஓடு ஆகியவற்றை உருண்டையாக உமிழும். அதைப் பொறுக்கிப் பிரித்துப் பார்த்தால் முந்தைய நாள் சாப்பாட்டுப் பட்டியல் கிடைத்துவிடும். பூனைப்பருந்துகளின் உருண்டைகளில் வெட்டுக்கிளி, எலி போன்றவற்றின் மிச்சங்கள் கிடைக்கின்றன. அதாவது, விவசாயி காசு கொடுத்து மருந்தடிக்கும் அதே ஆசாமிகள்.

எங்கெல்லாம் நடக்கிறது?

குஜராத்தின் வேளாவதர் தேசியப் பூங்காதான் இதில் பிரபலம். வெளிமான்களுக்காக 1976-ல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு சுமார் 34 சதுர கிலோமீட்டர். 1990-களில் பிரிட்டன் ஆய்வாளர் ரோஜர் கிளார்க், நம்ம ஊர் கழுகு ஆய்வாளர் விபு பிரகாஷ் உள்ளிட்டோர் இங்கே எண்ணினார்கள். பூனைப்பருந்துகள் கூட்டமாகத் தங்குவதில் இது உலகச் சாதனை எண்ணிக்கை என்று 1998-ல் வெளியான அவர்களின் கட்டுரை சொன்னது.

ஆந்திராவின் ரோல்லபாடு, கானமயிலுக்காக ஏற்பட்ட சரணாலயம். அங்கேயும் இந்தப் பருந்துகள் பெருங்கூட்டமாகத் தங்கியிருக்கின்றன. மூன்றாவது, உங்களில் பலர் வார இறுதியில் பைக்கில் போயிருக்கக்கூடிய ஹெசரகட்டா.

கணக்கு என்ன சொல்கிறது?

பெங்களூருவில் இயங்கும் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தின் டி.கணேஷ், எம்.பி.பிரசாந்த் இருவரும், நாடு முழுவதும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த தங்குமிடக் கணக்குகளைத் திரட்டி 2018-ல் வெளியிட்டார்கள். இந்தியாவில் அப்படி ஒரு தொகுப்பு அதுவே முதல்முறை. சுமார் 30 ஆண்டுகளில் இந்தியாவுக்கு வரும் பூனைப்பருந்துகள் குறைந்திருப்பதாக அந்தத் தொகுப்பு காட்டியது.

கவனிக்க வேண்டிய விஷயம்: அந்த ஆய்வுக்கான பழைய கணக்குகளை யாரோ எப்போதோ ஒரு மாலை நின்று எழுதிவைத்ததால்தான் இந்த ஒப்பீடே சாத்தியமானது.

ஒரு இடத்தில் குறைந்தால், வேறு இடத்துக்குப் போயிருக்கலாமே?

நியாயமான கேள்வி. புல் எரிந்தாலோ, மழை பொய்த்தாலோ பறவைகள் பத்து கிலோமீட்டர் தள்ளி இடம் மாற்றலாம். வெட்டுக்கிளி அதிகமான ஆண்டில் கூட்டம் கூடலாம். அதனால் ஓர் ஊர், ஓர் ஆண்டுக் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பல இடங்களில், முடிந்தால் ஒரே நாட்களில், ஒரே முறையில், ஆண்டுதோறும் எண்ணணும். இதற்கு நூற்றுக்கணக்கான ஆட்கள் வேண்டும். எந்த ஆய்வு நிறுவனத்திடமும் அத்தனை பேர் இல்லை. தன்னார்வலர்கள் தேவைப்படுவது அதனால்தான்.

இதே காரணத்தால் பூஜ்யமும் முக்கியம். 'போனேன், ஒன்றும் வரவில்லை' என்று நினைத்துப் பதிவு போடாமல் விட்டால், குறைந்துபோனது யாருக்கும் தெரியாது.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும்?

பாறு கழுகுகளின் கதையைப் பாருங்கள். 1991-93-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் சாலை வழியாகப் போய் இரைகொல்லிப் பறவைகளை எண்ணினார்கள். பாறுகள் அழியப்போகின்றன என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. 2000-ல் அதே பாதைகளில் மறுபடி எண்ணியபோதுதான் வீழ்ச்சியின் அளவு புரிந்தது. 1992 முதல் 2007-க்குள் வெண்முதுகுப் பாறுகள் 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்துதான் காரணம் என்று 2004-ல் நிறுவப்பட்டது; 2006-ல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அது தடை செய்யப்பட்டது.

முதல் கணக்கு இல்லாவிட்டால், 'முன்னாடி நிறைய இருந்துச்சு' என்பதற்கு மேல் யாராலும் எதுவும் சொல்லியிருக்க முடியாது. அப்படிச் சொல்வதை வைத்து ஒரு மருந்தைத் தடை செய்ய முடியாது.

பூனைப்பருந்துக்கு என்ன ஆபத்து?

முதல் பிரச்சினை, நிலத்துக்கு நாம் வைத்த பெயர். காடு என்றால் மரம் என்று பழகிவிட்டோம். மரமில்லாத புல்வெளிகள் பல அரசுக் கணக்குகளில் 'தரிசு' என்ற பட்டியலில் வருகின்றன. தரிசு என்றால் சும்மா கிடப்பது என்று அர்த்தம். எனவே சோலார் பூங்கா, மனைப்பிரிவு, தொழிற்பேட்டை எல்லாம் முதலில் அங்கேதான் வரும். 'பசுமையாக்குகிறோம்' என்று மரக்கன்று நடுவதும் அங்கேதான்.

இரண்டாவது, சீமைக்கருவேலம். குஜராத்தில் இதை 'காண்டோ பாவள்' என்பார்கள். பைத்தியக்காரக் கருவேலம் என்று பொருள். அது புல்லை மூடிவிட்டால் தரையில் தங்கும் பறவைக்கு இடமில்லை. மூன்றாவது, பூச்சிக்கொல்லி. பருந்தின் இரையே வெட்டுக்கிளியும் எலியும் என்றால், மருந்தடித்த வயல் அதற்குக் காலித் தட்டுதான். இவை போக, அவை கூடு கட்டும் நாடுகளின் புல்வெளிகளில் நடக்கும் மாற்றங்களும் உண்டு.

எண்ணினால் ஏதாவது மாறுமா?

ஹெசரகட்டா ஓர் உதாரணம். பெங்களூருக்கு அருகே எஞ்சிய இந்தப் பெரிய புல்வெளியில், சுமார் 5,000 ஏக்கரைப் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிக்க வேண்டும் என்று நெடுநாள் கோரிக்கை இருந்தது. இடையில் ஃபிலிம் சிட்டி திட்டமும் பேசப்பட்டது. 2021-ன் தொடக்கத்தில் மாநில வனவிலங்கு வாரியம் கோரிக்கையை நிராகரித்தது. 2024-ல் அதே வாரியம் ஒப்புக்கொண்டது. போராட்டம், நீதிமன்றம், அரசியல் என்று இதற்குப் பல காரணங்கள். ஆனால் 'அங்கே வெறும் புல்தானே இருக்கு?' என்ற கேள்விக்கு, பறவை ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்த 200-க்கும் மேற்பட்ட பறவையினங்களின் பதிவுகள் பதிலாக இருந்தன.

சாதாரண ஆட்கள் எடுத்த கணக்கை நம்பலாமா?

'இந்தியப் பறவைகளின் நிலை 2023' அறிக்கை 30,000-க்கும் அதிகமான பறவை ஆர்வலர்களின் சுமார் 3 கோடிப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 இனங்கள் குறைந்திருப்பதாக அது சொன்னது. ஒருவர் தப்பாக எழுதலாம். ஆனால் இ-பேர்ட் தளத்தில் வழக்கத்துக்கு மாறான பதிவுகளை அனுபவசாலிகள் சரிபார்க்கிறார்கள். பதிவுகள் பெருகப் பெருக, தனிமனிதத் தவறின் எடை குறையும்.

சரி, நான் என்ன செய்யலாம்?

• முதலில் ஊர்ப் பறவைகளில் பழகுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பும் புதியவர்களுக்கு நல்ல தொடக்கம். பதினைந்து நிமிடம் போதும்.
• பெங்களூரு, ஹைதராபாத், புனே, அகமதாபாத் என்று எங்கே வேலை பார்த்தாலும் அங்குள்ள பறவைக் குழுவில் சேருங்கள். முதல் தடவை எழுதுபவராகப் போங்கள். எண்ணுவது தானாக வரும்.
• பைனாகுலர் உடனே வாங்க வேண்டாம். குழுவில் யாராவது தருவார்கள்.
• தங்குமிடத்துக்குள் நடக்காதீர்கள். டிரோன், ஃபிளாஷ் கூடாது. இரவில் ஒருமுறை கலைந்தால் பறவைக்கு அது பெரிய செலவு.
• தங்குமிடத்தின் சரியான லொகேஷனை இன்ஸ்டாவில் போடாதீர்கள். அடுத்த வாரமே ஜீப்புகள் வரும்.
• மேய்ப்பவர்களிடம் பேசுங்கள். புல் எந்த ஆண்டு எரிந்தது, பறவை எப்போது வந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த ஆண்டு நீங்கள் எழுதும் எண்ணுக்கு இப்போதைக்குப் பெரிய அர்த்தம் இருக்காது. 2050-ல் ஒருவர் அதே புல்வெளி ஓரம் நின்று எண்ணும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு உங்கள் தாள் வேண்டியிருக்கும்.