எக்ஸ்-ரோடு

எக்ஸ்-ரோடு, அரசுத் துறைகளின் தரவுத்தளங்கள் இணையம் வழியே பாதுகாப்பாகத் தகவல் பரிமாறிக்கொள்ள உதவும் திறமூல மென்பொருள். எஸ்தோனியாவில் 2001-இல் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று எஸ்தோனியா, ஃபின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய மூன்று நாட்டு அரசுகள் இதைக் கூட்டாக வளர்க்கின்றன.

எல்லாப் பதிவேடுகளையும் ஒரே கிடங்கில் கொட்டிவைக்கும் முறைக்கு இது நேரெதிர். மக்கள்தொகைப் பதிவேடு அதன் துறையிடமே இருக்கும். வாகனப் பதிவேடும் அப்படித்தான். ஒவ்வொரு நிறுவனத்தின் வாசலிலும் காவலாள் போல ஒரு பாதுகாப்பு வழங்கி நிற்கும். சாலையில் வண்டியை நிறுத்தும் காவலர் ஓட்டுநர் உரிமத்தைச் சரிபார்க்க விரும்பினால், அந்தக் கேள்வி காவல்துறையின் வழங்கியிலிருந்து பதிவேட்டின் வழங்கிக்கு நேராகச் செல்லும். நடுவில் யாரும் படிக்க முடியாதபடி அது மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். மின்னணு ஒப்பமும் நேர முத்திரையும் பெற்றுப் பதிவாகும். யார், எப்போது, எதைக் கேட்டார் என்பதைப் பிறகு மறுக்க இயலாது. மைய வழங்கி ஒன்று உண்டு. ஆனால் உறுப்பினர் பட்டியலையும் பொதுவான அமைவுகளையும் தருவதோடு அதன் வேலை முடிந்தது. தரவு அதன் வழியே போவதில்லை. எந்தத் தகவலை யாருக்குக் கொடுக்கலாம் என்று முடிவுசெய்வது தரவை வைத்திருக்கும் துறைதான். எக்ஸ்-ரோட்டின் உண்மையான சிறப்பு இந்த ஏற்பாடே.

ஃபின்லாந்தும் எஸ்தோனியாவும் 2013 டிசம்பரில் ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. பிரதமர்கள் யுர்கி கட்டாய்னனும் அந்த்ருஸ் அன்சிப்பும் அதில் மின்னணு முறையிலேயே ஒப்பமிட்டார்கள். மூலநிரல் 2016-இல் எம்.ஐ.டி. உரிமத்தின் கீழ் பொதுவெளிக்கு வந்தது.

ஒரே நிரலை இரண்டு அரசுகள் தத்தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொண்டே போனால், சில ஆண்டுகளில் அது இரண்டு வெவ்வேறு மென்பொருளாகிவிடும். ஒன்றில் அடைத்த ஓட்டை மற்றொன்றில் திறந்தே கிடக்கும். இதைத் தவிர்க்க இரு நாடுகளும் 2017-இல் தாலின் நகரில் நார்டிக் இயங்குதன்மைத் தீர்வுகள் நிறுவனம் என்ற இலாபநோக்கற்ற அமைப்பைத் தொடங்கின. மையநிரலின் பொறுப்பு முழுவதும் இப்போது இதனுடையது. செலவை உறுப்பு நாடுகள் ஏற்கின்றன; அடுத்து எதைச் செய்வது என்பதையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. வெளியாரும் திருத்தங்களை அனுப்பலாம். ஐஸ்லாந்து முதலில் பங்காளியாகச் சேர்ந்து, 2021-இல் முழு உறுப்பினரானது.

உறுப்பினராகாத நாடுகளும் நிரலை எடுத்துப் பயன்படுத்துகின்றன. ஃபாரோ தீவுகளில் ஹெல்டின், கிர்கிஸ்தானில் துண்டுக், கம்போடியாவில் கேம்டிஎக்ஸ் என்று ஆங்காங்கே பெயர் வேறு. நிரல் இலவசமாகக் கிடைத்தாலும், சான்றிதழ் வழங்கும் அமைப்பையும் நேர முத்திரைச் சேவையையும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒவ்வொரு நாடும் தானே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். பல ஆண்டு உழைப்பைக் கேட்பது இந்தப் பகுதிதான்.

எஸ்தோனிய, ஃபின்லாந்துத் தகவல் பாதைகள் 2018-இல் நேரடியாக இணைக்கப்பட்டன. ஒரு நாட்டின் பதிவேடு மற்ற நாட்டின் பதிவேட்டோடு தானாகவே தகவல் பரிமாற அப்போது வழி பிறந்தது.