சுவிட்சர்லாந்தில் சைபர் பாதுகாப்புக் கல்வி

சுவிட்சர்லாந்தில் சைபர் பாதுகாப்பும் தகவல் பாதுகாப்பும் மூன்று வகை உயர்கல்வி நிறுவனங்களில் கற்பிக்கப்படுகின்றன. சூரிச்சிலும் லோசானிலும் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகங்கள் முதல் வகை. மாநிலங்கள் நடத்தும் பல்கலைக்கழகங்கள் இரண்டாவது. 1990களின் பிற்பகுதியில் உருவான பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்கள் மூன்றாவது. இவற்றுக்கு வெளியே தொழிற்பயிற்சி, கூட்டாட்சித் தேர்வு, ராணுவப் பயிற்சி என வேறு வாசல்களும் உண்டு. நாடு அன்றாடம் சார்ந்திருக்கும் வாக்குப்பதிவு மென்பொருள், வங்கி வலையமைப்பு, கைபேசிச் செயலி ஆகியவற்றையே ஆய்வாளர்களும் மாணவர்களும் பிரித்துப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கல்வியின் உண்மையான பலம்.

பின்னணி

சூரிச்சில் உள்ள கூட்டாட்சிக் கழகமான ஈ.டி.எச். 1855இல் திறக்கப்பட்டது. லோசானின் ஈ.பி.எஃப்.எல். 1969இல் கூட்டாட்சி அரசின் பொறுப்புக்கு வந்தது. சைபர் பாதுகாப்பு என்ற பெயரில் பட்டம் வருவதற்கு வெகு முன்பே சூரிச்சில் குறியாக்கவியல் வேரூன்றிவிட்டது. 1980களிலும் 90களிலும் அங்கே பேராசிரியராக இருந்த அமெரிக்கர் ஜேம்ஸ் மாஸியும் அவருடைய ஆய்வு மாணவர் ஷுவேஜியா லாயும் சேர்ந்து உருவாக்கிய ஐடியா என்னும் குறியாக்க முறை 1991இல் வெளியானது. மின்னஞ்சலைக் குறியாக்கும் பி.ஜி.பி. மென்பொருளின் 2.0 பதிப்பு அதையே பயன்படுத்தியது. மாஸியிடம் முனைவர் பட்டம் பெற்ற உவேலி மவுரர் பின்னர் அதே கழகத்தில் பேராசிரியராகி அந்த மரபைத் தொடர்ந்தார். 2003இல் அங்கே தகவல் பாதுகாப்புக்கென்று தனி ஆய்வு மையம் அமைந்தது.

லோசான் பல்கலைக்கழகத்தின் மரபு வேறு. அங்கே 1909இல் ரோடால்ஃப் ஆர்ச்சிபால்ட் ரெய்ஸ் தொடங்கிய தடய அறிவியல் பள்ளி, இத்துறையில் உலகின் முதல் பல்கலைக்கழகப் பள்ளியாகக் கருதப்படுகிறது. கைரேகையும் காலடித் தடமும் படித்த அந்தப் பள்ளியில் இன்று வன்தட்டுகளும் கைபேசிகளும் ஆய்வுப் பொருளாகியுள்ளன. சட்டம், குற்றவியல், தகவல் தொழில்நுட்பப் பாதுகாப்பு மூன்றையும் இணைத்த முதுநிலைப் படிப்பு ஒன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பொறியியல் படிக்காமல் இந்தத் துறைக்குள் வர விரும்புபவர்கள் கவனிக்க வேண்டிய படிப்பு இது.

இந்த நாட்டின் குறியாக்க வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த போரிஸ் ஹாகெலின் 1952இல் ட்ஸூக் மாநிலத்தில் நிறுவிய கிரிப்டோ ஏ.ஜி. நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குக் குறியாக்கக் கருவிகளை விற்றது. 1970 முதல் அதன் மறைமுக உரிமையாளர்கள் அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறையும் என்பது 2020 பிப்ரவரியில் ஆவணங்களோடு வெளியானது. வேண்டுமென்றே பலவீனமாக்கப்பட்ட கருவிகளை வாங்கியவர்களில் இந்தியாவும் பாகிஸ்தானும் இருந்தன. நடுநிலை நாட்டின் முத்திரை மட்டும் நம்பகத்துக்குப் போதாது, மூல நிரலையும் வடிவமைப்பையும் வெளியார் சோதிக்க வேண்டும் என்ற கொள்கைக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

இதே நாடு தாக்குதலுக்கும் உள்ளானது. 2016இல் அரசுக்குச் சொந்தமான ஆயுத நிறுவனமான ருவாக்கின் வலையமைப்புக்குள் நீண்ட காலம் ஊடுருவல் நடந்திருந்தது தெரியவந்தது. கூட்டாட்சி அரசு அந்தத் தாக்குதலின் தொழில்நுட்ப விவரங்களை அறிக்கையாகவே வெளியிட்டது. 2023இல் எக்ஸ்ப்ளெயின் என்ற மென்பொருள் நிறுவனத்தை தரவை முடக்கிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல் தாக்கியதில் கூட்டாட்சி நிர்வாகம் சார்ந்த ஏறத்தாழ 65,000 ஆவணங்கள் கசிந்தன. சைபர் பாதுகாப்புக்குப் பயிற்சி பெற்ற ஆள் தேவை என்ற பேச்சு இப்படித்தான் அரசியல் பேச்சாகவும் ஆனது. 2024 ஜனவரி 1 முதல் சைபர் பாதுகாப்புக்கென்று தனிக் கூட்டாட்சி அலுவலகம் இயங்குகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் மின்சாரம், குடிநீர், போக்குவரத்து போன்ற அடிப்படைச் சேவைகளை நடத்துவோர், தங்கள் மீது நடந்த சைபர் தாக்குதலைக் கண்டறிந்த 24 மணி நேரத்துக்குள் அந்த அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்.

கூட்டு முதுநிலைப் பட்டம்

இரண்டு கூட்டாட்சிக் கழகங்களும் இணைந்து 2019 இலையுதிர் பருவத்தில் சைபர் பாதுகாப்பில் ஒரு முதுநிலைப் பட்டத்தைத் தொடங்கின. சூரிச்சில் சேர்ந்தவர் ஒரு பருவத்தை லோசானில் படிக்க வேண்டும். லோசானில் சேர்ந்தவர் சூரிச்சுக்குப் போக வேண்டும். வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. குறியாக்கவியல், வலையமைப்புப் பாதுகாப்பு, மென்பொருள் பாதுகாப்பு, கணினித் தொடர்பு நெறிமுறைகளைக் கணித வழியில் சரிபார்த்தல் ஆகியவை பாடத்தின் முதுகெலும்பு. செய்முறைக் கூடமும் ஆய்வேடும் கட்டாயம்.

கருவிகளை இயக்கத் தெரிந்த ஆளை உருவாக்குவது இந்தப் பட்டத்தின் நோக்கமன்று. ஒரு நெறிமுறை ஏன் பாதுகாப்பானது என்று நிறுவவும், அப்படி நிறுவ முடியாதபோது ஏன் என்று விளக்கவும் தெரிந்தவரை உருவாக்குவதே நோக்கம். எனவே கணினி அறிவியலிலும் கணிதத்திலும் நல்ல அடித்தளம் இல்லாமல் வருபவருக்கு முதல் பருவமே கடினமாக இருக்கும்.

பாடமாகும் நாட்டு நிகழ்வுகள்

ஈ.டி.எச். மாணவர் ஒருவர் தம் முதுநிலை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்ட பொருள் த்ரீமா. இது சுவிஸ் நிறுவனத்தின் குறுஞ்செய்திச் செயலி. 2022இல் சுவிஸ் ராணுவம் தன் வீரர்களுக்குப் பரிந்துரைத்ததும் இதைத்தான். அந்த ஆய்வேடு பேராசிரியர் கென்னத் பேட்டர்சனின் குழுவில் வளர்ந்து, 2023 ஜனவரியில் ஏழு வகைத் தாக்குதல்களை விளக்கும் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. நடைமுறையில் அவற்றால் பெரிய ஆபத்தில்லை என்று நிறுவனம் வாதிட்டது. ஆயினும் அதற்குள் புதிய நெறிமுறைக்கு மாறியிருந்தது. ராணுவம் நம்பிய செயலியை ஒரு மாணவரின் ஆய்வேடு திருத்தவைக்க முடிகிறது என்றால், அந்தக் கல்வியின் தரத்துக்கு வேறு விளம்பரம் தேவையில்லை.

அதே கழகத்தில் டேவிட் பேசின் தலைமையிலான குழுவின் டாமரின் என்னும் கருவியும் இத்தகையதே. ஒரு நெறிமுறையின் விதிகளைக் கொடுத்தால், எதிரி அதில் எங்கே புகமுடியும் என்று அது தேடிப் பார்க்கும். இணையத் தொடர்பைக் காக்கும் டி.எல்.எஸ். 1.3, ஐந்தாம் தலைமுறைக் கைபேசி வலையமைப்பின் அடையாளச் சரிபார்ப்பு போன்றவை இதைக் கொண்டு ஆராயப்பட்டுள்ளன. விசா அட்டைகளைக் கருவியில் செருகாமல் அருகில் காட்டிப் பணம் செலுத்தும் முறையில், ரகசிய எண் கேட்கப்பட வேண்டிய பெரிய தொகையையும் எண் இல்லாமலே செலுத்த வழியிருப்பதை இந்தக் குழு 2020இல் இதன் உதவியோடு காட்டியது.

மின்னணு வாக்குப்பதிவு இன்னும் ஆழமான பாடம். சுவிஸ் அஞ்சல் துறை தன் இணைய வாக்குப்பதிவு அமைப்பை 2019இல் பொதுமக்கள் சோதனைக்குத் திறந்துவிட்டு, ஓட்டை கண்டுபிடிப்போருக்குப் பரிசும் அறிவித்தது. சாரா ஜேமி லூயிஸ், ஒலிவியே பெரேரா, வனெசா டீக் என்ற மூன்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் மூல நிரலைப் படித்தே ஓர் அடிப்படைப் பிழையைக் கண்டார்கள். வாக்குகள் கலைத்து அடுக்கப்படும் கட்டத்தில், அமைப்பை இயக்குபவர் வாக்கை மாற்றிவிட்டு, மாற்றவில்லை என்ற கணிதச் சான்றையும் தர முடியும் என்பதே அந்தப் பிழை. பெர்ன் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தின் ரோல்ஃப் ஹேனியும் தனியாக அதையே கண்டறிந்தார். அஞ்சல் துறை அந்த அமைப்பைக் கைவிட்டு மறுபடி கட்டியது. கூட்டாட்சி அரசு பல்கலைக்கழக நிபுணர்களை அழைத்து விதிகளைத் திருத்தியது. 2023 ஜூனில் பாசல் நகரம், சான்க்ட் காலன், துர்காவ் ஆகிய மூன்று மாநிலங்களில், வாக்காளர்களின் ஒரு பகுதிக்கு மட்டும், இணைய வாக்குப்பதிவு திரும்ப வந்தது. வாக்கு இயந்திரங்களின் நம்பகம் பற்றி ஒவ்வொரு தேர்தலிலும் விவாதம் எழும் இந்தியாவில், நிரலை வெளியிட்டுத் தவறை ஒப்புக்கொண்ட இந்த நடைமுறையைப் பொறியியல் கல்லூரிகள் பாடமாகவே வைக்கலாம்.

கோவிட் காலத்தில் ஈ.பி.எஃப்.எல்.லின் கார்மெலா ட்ரான்கோசோ முன்னின்று வடிவமைத்த தொடர்புத் தடமறிதல் முறையின் மேல் ஸ்விஸ்கோவிட் செயலி 2020 ஜூனில் வெளியானது. யாரை யார் சந்தித்தார் என்ற பட்டியல் அரசின் கணினிக்குப் போகாமல் கைபேசியிலேயே தங்கும்படி அது அமைந்திருந்தது. அதே கழகத்தின் குறியாக்கவியல் பேராசிரியர் செர்ஜ் வோதனே அதன் பலவீனங்களைப் பகிரங்கமாக எழுதினார். ஒரே வளாகத்தில் கட்டுபவரும் குறை சொல்பவரும் இருப்பதை மாணவர் நேரில் காண்பதே பெரிய கல்வி.

ஈ.டி.எச். பேராசிரியர் ஏட்ரியன் பெரிக் உருவாக்கிய சயன் என்ற இணையக் கட்டமைப்பு, தகவல் எந்த வழியே போக வேண்டும் என்பதை அனுப்புபவரே தீர்மானிக்க வழி செய்கிறது. சுவிஸ் தேசிய வங்கியும் நிதித்துறைக் கட்டமைப்பை நடத்தும் சிக்ஸ் நிறுவனமும் 2021இல் தொடங்கிய நிதித்துறைப் பாதுகாப்பு வலையமைப்பு அதன் மீதே இயங்குகிறது.

பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்கள்

கூட்டாட்சிக் கழகங்களின் பெயர் உலகறிந்தது என்றாலும், நாட்டின் நிறுவனங்களுக்கு வேண்டிய பாதுகாப்புப் பொறியாளர்களில் பலர் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களிலிருந்தே வருகிறார்கள். லூசர்ன் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் தன் ரோட்க்ரொய்ஸ் வளாகத்தில் 2018இல் தகவல், சைபர் பாதுகாப்புக்கெனத் தனி இளநிலைப் பட்டத்தைத் தொடங்கியது. நாட்டில் இத்தகைய முதல் பட்டம் இதுவே. அந்த வளாகம் இருப்பதும் கிரிப்டோ ஏ.ஜி. இயங்கிய அதே ட்ஸூக் மாநிலத்தில்தான். பெர்ன் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தின் பீல் வளாகம், வின்டர்தூரை மையமாகக் கொண்ட சூரிச் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம், ராப்பர்ஸ்வில், பிரெஞ்சு மொழிப் பகுதியில் இவெர்டோன் ஆகிய இடங்களிலும் கணினி அறிவியலோடு பாதுகாப்புப் பாடங்கள் உண்டு.

இங்கே இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் அல்லது பிரெஞ்சு மொழியில் நடப்பவை. சுவிட்சர்லாந்தில் பிறந்து வளர்ந்த ஈழத்தமிழர் பிள்ளைகளுக்கு இது தடையே இல்லை. நான்கு ஆண்டுத் தகவல் தொழில்நுட்பத் தொழிற்பயிற்சியை முடித்து, அதோடு தொழில்சார் பள்ளியிறுதிச் சான்றிதழும் பெற்றவர், பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தில் நுழைவுத் தேர்வின்றிச் சேரலாம். பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் பள்ளியான ஜிம்னாசியத்துக்குப் போகவில்லை என்றால் படிப்பு முடிந்தது என்று கவலைப்படும் பெற்றோர் அறிய வேண்டிய செய்தி இது. நாட்டின் இளைஞர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சி வழியையே எடுக்கிறார்கள்.

சான்றிதழ் படிப்புகள்

வேலையில் இருப்பவர்களுக்கான படிப்புகள் சி.ஏ.எஸ்., டி.ஏ.எஸ்., எம்.ஏ.எஸ். என்ற மூன்று படிகளில் அமைந்தவை. இவற்றை அளப்பது ஐரோப்பிய கிரெடிட் முறை. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. சி.ஏ.எஸ். சான்றிதழுக்குக் குறைந்தது 10 கிரெடிட், டி.ஏ.எஸ். பட்டயத்துக்கு 30, எம்.ஏ.எஸ். பட்டத்துக்கு 60. சான்றிதழ்களைச் சேர்த்து மேல்படிக்குப் போகும் வசதி பல இடங்களில் உண்டு. ஈ.டி.எச். சூரிச் சைபர் பாதுகாப்பில் சி.ஏ.எஸ்., டி.ஏ.எஸ். இரண்டையும் நடத்துகிறது. லூசர்ன், பெர்ன் முதலிய பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்கள் தாக்குதல் எதிர்கொள்ளல், இடர் மேலாண்மை, கணினித் தடயவியல் என்று தனித்தனிப் பிரிவுகளில் நடத்துகின்றன. வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியில் அல்லது வாரத்தில் ஓரிரு நாள் நடக்கும்.

பட்டப்படிப்புகளுக்குக் கிடைக்கும் அரசு மானியம் இவற்றுக்குப் பொதுவாகக் கிடையாது என்பதால் ஒரு சி.ஏ.எஸ். படிப்புக்கே பல ஆயிரம் ஃபிராங்க் ஆகும். நிறுவனம் செலவை ஏற்காதவருக்கு இது சுமைதான். 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால், சட்டத்துறையினரும் மருத்துவமனை நிர்வாகிகளும்கூட இத்தகைய வகுப்புகளை நாடக் காரணம் இருக்கிறது.

தேர்வும் ராணுவமும்

பல்கலைக்கழகமே வேண்டாம் என்பவருக்குச் சைபர் பாதுகாப்பு நிபுணர் என்ற கூட்டாட்சித் தொழில் தேர்வு இருக்கிறது. சுவிஸ் ராணுவம் 2018 ஆகஸ்டில் தொடங்கிய சைபர் பயிற்சி 40 வாரம் நீள்வது; கட்டாய ராணுவப் பணிக்கு வரும் இளைஞர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 800 மணி நேரப் பாடம் தரப்படுகிறது. அதை முடித்தவர் அந்தக் கூட்டாட்சித் தேர்வை எழுதலாம். பாதுகாப்புத் துறையின் ஆய்வு வளாகம் 2019 முதல் தூன் நகரிலும் இரண்டு கூட்டாட்சிக் கழகங்களிலும் இயங்குகிறது. மாணவர்களுக்கு ஆய்வு உதவித்தொகையும் தருகிறது.

வெளிநாட்டு மாணவர்

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகும் மாணவருக்கு நடைமுறையில் ஏற்ற வாசல் ஆங்கிலவழி முதுநிலைப் படிப்பே. கூட்டாட்சிக் கழகங்களில் பருவக் கட்டணம் முன்பு எல்லோருக்கும் 730 ஃபிராங்காக இருந்தது. படிப்பதற்காகவே வெளிநாட்டிலிருந்து வந்து 2025 இலையுதிர் பருவம் முதல் சேர்வோருக்கு அது மூன்று மடங்காகி 2,190 ஃபிராங்க் ஆகிவிட்டது. அப்போதும் பிரிட்டன், அமெரிக்கக் கட்டணங்களோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. அறை வாடகையும் மருத்துவக் காப்பீடுமே பெரிய செலவு. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் பொதுவாக ஆறு மாதம் கழித்தே வாரத்துக்கு 15 மணி நேரம் வரை வேலை செய்ய அனுமதி பெறுவார்கள்; பட்டம் பெற்றபின் வேலை தேட ஆறு மாதம் தங்கலாம். முனைவர் பட்ட ஆய்வு என்பது கூட்டாட்சிக் கழகங்களில் சம்பளத்துடன் கூடிய பணி.

எம்.ஏ.எஸ். பட்டத்தின் பெயரில் மாஸ்டர் என்ற சொல் இருந்தாலும் அது தொடர்கல்விப் பட்டமே. 120 கிரெடிட் கொண்ட கூட்டு முதுநிலைப் பட்டத்துக்கு நிகரானதன்று, முனைவர் ஆய்வில் சேர அதுமட்டும் தகுதியும் ஆகாது. முகவர் ஒருவர் சுவிஸ் மாஸ்டர் பட்டம் என்று சொல்லிப் பணம் கேட்டால், எத்தனை கிரெடிட், எந்த வகை நிறுவனம், அரசு அங்கீகாரம் உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.