முதல் சோறும் நீரிழிவும்

தென் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டைச் சுற்றி இருபதாம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்க்கு, ஊறவைத்து அரைத்த கேழ்வரகை வெள்ளைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சும் கூழே பழகிய குழந்தை உணவு. அண்டை வங்காளியர் வீடுகளிலோ ஆண் குழந்தைக்கு இரட்டைப்படை மாதத்திலும் பெண்ணுக்கு ஒற்றைப்படை மாதத்திலும் தாய்மாமன் பாயசம் ஊட்டும் ‘முகே பாத்’ எனும் முதல் சோற்றுச் சடங்கு நடைபெற்றது. குழந்தையின் முதல் உணவுகளுள் பசும்பால், முதல் வகை நீரிழிவை, அதாவது உடலின் நோயெதிர்ப்பாற்றலே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கும் நோயை, தூண்டுமோ என்ற ஐயம் நெடுநாள் நிலவியது. ஆயினும் பசும்பாலின் புரதத்தைச் சிதைத்த பால்மாவால் அந்நோய் குறையவில்லை என்று 15 நாடுகளில் நடந்த ஆய்வு 2018-இல் காட்டியது. இந்தியருக்கு இதனினும் நெருக்கமானது, 1969–72-இல் தில்லியில் பிறந்தோரைப் பின்தொடர்ந்து 2004-இல் வெளிவந்த ஆய்வே: இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, பின்னர் விரைந்து எடை கூடியவர்களிடம், அவர்கள் பிள்ளைப் பருவத்தில் குண்டாகத் தோன்றாதபோதும், வளர்ந்தபின் இரண்டாம் வகை நீரிழிவும் அதன் முன்நிலையும் மிகுந்திருந்தன.