எண்டாவ் ரொம்பின்: தன்னார்வலர்கள் காத்த காடு

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையே இரயில்பாதையை ஒட்டி அமைந்த பெக்கோக், எண்டாவ் ரொம்பின் காட்டின் மேற்கு வாயிலான செலாய்க்குச் செல்லும் வழியில் உள்ள சிறுநகரமாகும். 1909இல் ஜொகூர் பாருவரை நிறைவுற்ற அந்த இரயில்பாதை உள்நாட்டு நிலங்களைத் திறந்துவிட, பழைய காடுகள் பல ரப்பர் தோட்டங்களாயின. மலேசியத் தமிழர் பால்மரக்காடு என வழங்கும் அத்தோட்டங்களில் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டினர். 1956இல் தோன்றிய பெல்டா எனும் கூட்டரசு நில மேம்பாட்டு வாரியம் போன்றவற்றின் குடியேற்றத் திட்டங்களால், விடுதலைக்குப் பின் செம்பனையும் பரவியபோது, தாழ்நிலக் காடுகள் மேலும் குறுகின.

இச்சூழலில், ஜொகூர், பகாங் மாநிலங்களின் எல்லையில் எஞ்சியிருந்த எண்டாவ் ரொம்பின் காட்டைத் தேசியப் பூங்காவாக்கும் எண்ணம் மூன்றாம் மலேசியத் திட்டத்தில் (1976–1980) இடம்பெற்றது. எனினும் மலேசிய அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டவை. ஆதலால் கூட்டரசின் திட்டம் மாநிலங்களின் இசைவின்றி நடைமுறைக்கு வர இயலாது. 1977இல் பகாங் மாநில அரசு, பூங்காவின் மையமாகக் கருதப்பட்ட பகுதியில் மரம் வெட்ட அனுமதித்தபோது, கூட்டரசின் திட்டத்துக்கும் மாநில அதிகாரத்துக்கும் இடையிலான இந்த இடைவெளி வெளிப்பட்டது. நாளிதழ்களும் பொதுமக்களும் சங்கங்களும் எழுப்பிய கடும் எதிர்ப்பின் விளைவாக 1978இல் மரவெட்டு நிறுத்தப்பட்டது.

அந்த எதிர்ப்பில் முன்னின்ற மலாயா இயற்கைச் சங்கம், பின்னாளில் மலேசிய இயற்கைச் சங்கம் எனப் பெயர் மாறியது. 1940இல் தொடங்கப்பெற்ற இச்சங்கத்தை, தத்தம் பணிகளுக்கிடையே நேரம் ஒதுக்கிய தன்னார்வலர்களே வழிநடத்தினர். 1978 முதல் முப்பது ஆண்டுகள் தலைவராயிருந்த சாலே முகமட் நோரும் வன ஆய்வுத் துறையில் பணியாற்றியவரே. மரவெட்டு நின்றதோடு காடு காக்கப்பட்டுவிட்டதாக அவர்கள் கருதவில்லை. அதன் மதிப்பு சான்றுகளோடு நிறுவப்படாதவரை, அடுத்த அனுமதிக்கு எத்தடையும் இராது என்பதை உணர்ந்திருந்தனர்.

ஆகவே 1985 ஜூன் முதல் ஓராண்டுக்கு, மலேசிய மரபுச்செல்வ, அறிவியல் ஆய்வுப் பயணத்தை எண்டாவ் ரொம்பினில் சங்கம் நடத்தியது. அறிவியலாளருடன் பயிற்சி பெறாத பொதுமக்களும் காட்டுக்குள் சென்று உயிரினங்களைப் பதிவு செய்தனர். முடிவுகள் சங்கத்தின் ஆய்விதழில் வெளியாயின. எண்டாவ் நதியின் பெயர் தாங்கிய விசிறிப்பனை இனமொன்று 1987இல் அறிவியலுக்கு அறிமுகமானது. வெறும் மரச்சரக்காக மதிக்கப்பட்ட காடு, நாட்டின் மரபுச் செல்வமாக மக்கள் மனத்தில் இடம்பெற்றதே இம்முயற்சியின் பெரும்பயன்.

ஜொகூர் தேசியப் பூங்காக் கழகச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டு, ஏறத்தாழ 489 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஜொகூர் பகுதி 1993இல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் இக்காட்டோடு நெடுங்காலம் வாழ்ந்த ஜக்குன் பழங்குடியினரின் வேட்டை, மருந்துச்செடி, ஆற்றுவழி பற்றிய அறிவையும் உரிமையையும் சட்ட எல்லைகள் முழுமையாக அடக்கிவிடுவதில்லை. காட்டைக் காக்க விழைவோர் அவர்களைத் துணைவராக மதிப்பது அறத்தின்பாற்பட்டதோடு, காப்பு நிலைப்பதற்கும் இன்றியமையாதது.

இவ்வரலாறு சிறுநகரத் தன்னார்வக் குழுக்களுக்குத் தெளிவான பாடம் தருகிறது. எதிர்ப்புக் குரல் ஓர் அழிவை நிறுத்தலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் சேர்க்கப்படும் அறிவும், அதிகாரம் எந்த அரசிடம் உள்ளது என்ற தெளிவும், உள்ளூர் மக்களின் பங்கேற்பும் ஒன்றுசேர்ந்தால்தான் அந்த நிறுத்தம் சட்டமாகி நிலைபெறும். காடு தப்பியது போதிய நிதியாலோ பதவியாலோ அன்று; தமக்கு ஊதியமில்லாத பணியை விடாது செய்த மனிதர்களால் என்பதை, பெக்கோக் வழியே செலாய் செல்லும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் தகும்.